உன் அம்மா அம்மியில் அரைக்கவில்லை

அன்புள்ள பாபுவுக்கு,

அன்பு இருக்கிறது, அதனால் அந்த வார்த்தையை எழுதிவிட்டேன். மற்றபடி இன்றைக்கு உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நீ ரெண்டாவது ஷிப்ட் முடித்து வந்து உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாய். நான் உன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுப்பி நேரிலேயே திட்டியிருப்பேன். ஆனால் நேரில் வாயைத் திறந்தால் நீ "சரி உடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் நான் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது. இதை மடித்து வைக்கவும் போவதில்லை. அடுப்பு மேடைமேல் விரித்தே வைத்துவிட்டுப் போகிறேன். கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா வந்தால் அவரும் படிக்கட்டும். உன் கம்பெனி சிநேகிதர்கள் வந்தால் அவர்களும் படிக்கட்டும். உன்னை மாதிரிப் பேசுகிறவர்கள் அவர்களிலும் இருப்பார்கள்.

விஷயம் இதுதான். உன் பெண்டாட்டி ஜெயந்தி வேலையை விடப் போகிறேன் என்கிறாள். வருகிற சனிக்கிழமை கம்பெனியில் சொல்லிவிடப் போகிறாளாம். லைன் லீடர் டிரெயினிங்குக்குப் பெயர் போயிருக்கிற பெண், அவள் வீட்டிலேயே முதல்முதலாகக் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன பெண், விடப் போகிறாள். உடம்பு சரியில்லையா, கம்பெனியில் தொல்லையா, வயிற்றில் பிள்ளையா என்று கேட்டால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. தேங்காய் துருவி, வெங்காயம் அரிந்து, அம்மியில் சட்னி அரைத்துவிட்டுக் கிளம்பினால் கம்பெனி பஸ் போய்விடுகிறது. அவ்வளவுதான் காரணம்.

முந்தாநாள் பொன்னேரிப் பக்கம் கல்யாணத்துக்கு வந்தவள், பிள்ளை வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். நேற்று வெளியே இன்னும் இருட்டு இருக்கும்போதே 'தட் தட்' என்று சத்தம் கேட்டு விழித்தேன். எழுந்து வந்து பார்த்தால் ஜெயந்தி. யூனிபார்ம் போட்டு, துப்பட்டாவைப் பின் குத்தி, ஐடி கார்டு அம்மியில் படாமல் இருக்க முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, தரையில் குந்தி அரைத்துக்கொண்டிருக்கிறாள். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அரிவாள்மனை வெட்டியதாம். மிக்ஸி அதே மேடையில், உங்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்த அன்றைக்குப் போட்ட பாலிதீன் கவரோடு உட்கார்ந்திருக்கிறது.

"இன்னாம்மா இது, மிக்ஸி ரிப்பேரா?" என்றேன்.

"இல்ல அத்தே. நல்லாத்தான் கீது. அவருக்கு மிக்ஸில அரைச்சா புடிக்காது."

"அப்போ நான் வாங்கிக் குடுத்தேனே, கயிறு இழுக்குற கட்டரு, தேங்கா துருவுற மெஷினு, அதெல்லாம்?"

"பரண் மேல வெச்சிட்டாரு அத்தே."

சொல்லிக்கொண்டே அவள் கை நிற்கவில்லை. கண் மட்டும் கடிகாரத்துக்கும் அம்மிக்கும் போய் வந்துகொண்டிருந்தது. இந்த மாதத்தில் பலமுறை பஸ்ஸை விட்டுவிட்டாளாம். ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினால் அதற்குள் மெஷின் லைன் ஓட ஆரம்பித்திருக்குமாம். ஏன் லேட் என்று எல்லார் எதிரிலும் நிற்கவைத்துக் கேட்கிறார்களாம். "பேஜாரா கீது அத்தே. நின்னுடலாம்னு கீறேன்" என்றாள். அதுவரைக்கும் நான் அமைதியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாள் பார்: "உங்கள மாதிரி என்னால முடியல அத்தே."

என்னை மாதிரியா? யாரைப் பற்றிப் பேசுகிறாய் பெண்ணே என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ அவள் காதில் ஓதிக்கொண்டிருக்கிற கதை. "எங்கம்மா கடம்பத்தூர்லேர்ந்து டெய்லி ட்ரெயின் ஏறி வேலைக்குப் போய்க்கினே எல்லாத்தையும் கையாலதான் செஞ்சாங்க. அம்மிலதான் அரைப்பாங்க. ஒரு நாளு கூட பழசு போட்டது கெடியாது." அடேயப்பா! என்னைப் பற்றி எனக்கே தெரியாத சங்கதியெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறதே. நான் செய்யாததை நான் செய்தேன் என்று சொல்லி, அதை வைத்து இன்னொருத்தி பிள்ளையை முட்டிபோட வைத்திருக்கிறாயே, உனக்கு யார் இந்த உரிமை கொடுத்தது?

கேள். கடம்பத்தூர் வீட்டில் அம்மி இருந்தது, வாஸ்தவம். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. நீ அதன்மேல் உட்கார்ந்துதான் பல் தேய்ப்பாய். அதைத் தவிர அந்த அம்மி நம் குடும்பத்துக்கு வேறு எந்த உபகாரமும் செய்யவில்லை. நீ சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு வந்து, "எங்கம்மா மொளகா சட்னி சாப்ட்டுப் பாரு மச்சான், அம்மில அரைச்சது" என்று பீற்றிக்கொண்டாயே, அது மிக்ஸிச் சட்னி. ஒரேயடியாக ஓடவிட்டால் விழுதாகிவிடும். விட்டு விட்டு, தட்டித் தட்டி ஓட்டினால் அரைபட்டும் அரைபடாமலும் வரும். அந்தப் பதத்தைத்தான் நீ அம்மி என்று நினைத்தாய். நான் மறைத்து வைத்துச் செய்யவில்லை. மிக்ஸி ஓடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். நீ டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய்.

என் சமையலறையில் பாதி சாமான் எலக்ட்ரிக் ட்ரெயினில் வாங்கியது. அம்பத்தூர் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்துவிட்டு லேடீஸ் பெட்டியில் ஏறினால், தோளில் பை மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். தோல் சீவுகிற பீலர், பீட்ரூட் துருவுகிற சீவல் தகடு, பூண்டு நசுக்குகிற இடுக்கி, ஒரே அழுத்தில் முட்டையைப் பத்துத் துண்டாக்குகிற கம்பி. அங்கேயே ஒரு கேரட்டை எடுத்துச் சீவிக் காட்டுவார். பெட்டியில் இருக்கிற பெண்கள் எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து, பேரம் பேசி, சிரித்து வாங்குவோம். சீட்டில் உட்கார்ந்தவள் ஒருத்தியும் கையைச் சும்மா வைத்துக்கொண்டு வரமாட்டாள். ஆவடி தாண்டுவதற்குள் கீரை ஆய்ந்தாகிவிடும், திருவள்ளூர் வருவதற்குள் பீன்ஸ் நறுக்கியாகிவிடும். நான் மடியில் நியூஸ் பேப்பர் விரித்து, அடுத்த நாள் பொரியலை ட்ரெயினிலேயே முடித்துக்கொண்டுதான் கடம்பத்தூரில் இறங்குவேன். நீ தட்டில் போட்டுச் சாப்பிட்ட ஃப்ரெஷ் காய் அதுதான், பாபு. வேப்பம்பட்டு ஸ்டேஷன் தாண்டும்போது நறுக்கியது.

இன்னும் கேள். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு உரித்தால் தோல் தானாக நழுவும், கண்ணும் எரியாது. பூண்டுப் பல்லை ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு உன் பலம் முழுவதும் காட்டிக் குலுக்கினால் பாதித் தோல் கழன்றுவிடும். அந்த வேலையை உன் அப்பா செய்வார், செய்தி பார்த்துக்கொண்டே. முருங்கைக் கீரையைத் துணியில் சுற்றி ராத்திரி வைத்துவிட்டால் காலையில் உதறினால் போதும், இலை கொட்டும். தேங்காயைச் சில்லுச் சில்லாகக் கீறி மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுவேன், ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை. புளியை மொத்தமாகக் கரைத்துக் கொதிக்கவைத்து பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவேன். இஞ்சி பூண்டு விழுதில் கொஞ்சம் எண்ணெயும் உப்பும் சேர்த்து வைத்தால் கெடாது. குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்து அடியில் பருப்பு, நடுவில் சாதம், மேலே உருளைக்கிழங்கு. எல்லாம் ஒரே விசிலில் ஆகிவிடும். நீ கையை நக்கி நக்கிச் சாப்பிட்ட வத்தக்குழம்பு, நாலு நாளைக்கு முந்தி கரைத்த புளி. இவ்வளவும் சேர்ந்ததுதான் உன் அம்மாவின் கைப்பக்குவம். இதில் எனக்கு வெட்கம் துளிகூட இல்லை. இந்தச் சின்னச் சாமான்கள் இல்லை என்றால் அந்த வேலையில் நான் அத்தனை வருஷம் நின்றிருக்க மாட்டேன், உன்னை ஐடிஐ படிக்க வைத்திருக்கவும் மாட்டேன்.

நேற்று நீ பத்து மணிக்கு எழுந்து வந்து நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது கேட்டேனே, நினைவிருக்கிறதா? "ஏன்டா அந்தக் கட்டரையெல்லாம் பரண்ல போட்டுட்ட?" நீ வாயில் இட்லியோடு சொன்னாய்: "அதெல்லாம் பேச்சலர் ரூமு பசங்க யூஸ் பண்றதும்மா. சோம்பேறிங்க சாமான். கையால செய்றதுல ஒரு ருசி கீது. உனக்குத் தெரியாததா இன்னா?" நான் அந்தச் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்னால் ஒருத்தி விரல் தேய அரைத்தது, ஆறி, ஓரமெல்லாம் காய்ந்து கிடக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டு ருசி என்கிறாய். ஃப்ரிட்ஜில் வைத்தால் சாப்பாடு செத்துப்போகும் என்று ஜெயந்தியிடம் சொல்லி வைத்திருக்கிறாயாமே, வெளியே வைத்து இவ்வளவு நேரம் கழித்துத் தின்றால் மட்டும் அது உயிரோடு இருக்குமா? உன் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டிலும் உன் கூல் டிரிங்க்ஸும்தான் இருக்கிறது. இதற்கா மாதம் முழுக்க கரண்ட் ஓடுகிறது?

இந்த ருசி உனக்கு எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். போனிலிருந்து வந்தது. எவளோ ஒருத்தி தோட்டத்தில் உட்கார்ந்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, மண்சட்டியில் குழம்பு வைக்கிறாள். பின்னால் புல்லாங்குழல் வாசிக்கிறான் ஒருத்தன். அவளுக்கு அதுதான் வேலை, அதைப் படம் எடுத்துத்தான் அவள் சம்பாதிக்கிறாள். அவளுக்கு ஷிப்ட் கிடையாது, பஸ் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு நீ தச்சூர் கூட்டு ரோட்டில் ஒரு குட்டி அம்மியை வாங்கி மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். தூக்கிக்கொண்டு வந்தாயே, ஒரு நாளாவது அரைத்துப் பார்த்தாயா? ஹவுஸ் ஓனர் அம்மா சத்தம் தாங்காமல் வந்து கேட்டபோதும் "கொஞ்சம் மெதுவா அரை" என்று ஜெயந்தியிடம்தான் சொன்னாயாம். நல்லா இருக்குடா நியாயம்!

இப்போது இன்னொன்று கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல். போன வருஷம் கம்பெனியில் உனக்குப் பரிசு கொடுத்தார்களே, எதற்கு? பிரஸ் மெஷினில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு பீஸுக்கும் தரையில் இருக்கிற பெட்டிக்குக் குனிந்து குனிந்து எடுக்கிறார்கள், இடுப்பு போகிறது, நேரமும் போகிறது என்று பார்த்தாய். கழித்துப் போட்ட இரும்பு ஆங்கிள் துண்டுகளை வெல்டு வைத்து, பெட்டி இடுப்பு உயரத்துக்கு வருகிற மாதிரி சாய்வாக ஒரு ஸ்டாண்டு செய்தாய். பெரிய செலவில்லை, சின்ன யோசனை. கம்பெனியில் அதற்குக் கைசன் என்று பெயர் என்று நீதான் சொன்னாய். மேனேஜர் கை கொடுத்தார், போர்டில் போட்டோ ஒட்டினார்கள். அந்தப் போட்டோவை நீ குடும்ப குரூப்பில் போட்டபோது நான் அழுதேன், தெரியுமா உனக்கு? என் பிள்ளை அடுத்தவன் உடம்பு வலியைப் பார்க்கிறான், அதற்கு ஒரு வழியும் செய்கிறான் என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினேன். கம்பெனியில் குனிகிறவன் முதுகு உன் கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டில் தரையில் குந்தியிருக்கிறவள் முதுகு தெரியவில்லை. அங்கே வேலையைச் சுலபமாக்கினால் மூளை, இங்கே சுலபமாக்கினால் சோம்பேறித்தனமா?

அந்தப் பரிசு என்ன? ஹாட்பாக்ஸ். எங்கே வைத்திருக்கிறாய்? ஹாலில் ஷோகேஸில், அட்டைப்பெட்டி மூடி திறந்தபடி, எல்லாரும் பார்க்கிற மாதிரி. உன் பெண்டாட்டியோ நீ வீட்டில் இருக்கிற ராத்திரிகளில், ஒவ்வொரு சப்பாத்தியாகக் கல்லிலிருந்து நேராக உன் தட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கடைசியில் தான் ஆறிப்போனதைத் தின்கிறாள். சப்பாத்தியைச் சூடாக வைக்கத்தானடா அந்தப் பெட்டியைச் செய்தார்கள்! அதை நான் நேற்றுச் சாயந்திரம் வெளியே எடுத்துவிட்டேன். கொண்டைக்கடலை ஊறப்போட மறந்தாலும் அதில் கொதிக்கிற தண்ணீரோடு போட்டு மூடினால் சீக்கிரமே ஊறிவிடும் என்று ஜெயந்திக்குச் சொல்லியும் கொடுத்தேன். ஷோகேஸில் அந்த இடம் காலியாக இருக்கிறது என்று தேடாதே.

நேற்று நீ ஷிப்டுக்குப் போனபிறகு, அவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவினதும், ஸ்டூல் போட்டுப் பரண்மேல் இருந்த எல்லாவற்றையும் இறக்கினோம். மிக்ஸியின் கவரைக் கிழித்தேன். தேங்காயைத் துருவி டப்பாவில் அடைத்தோம், புளியைக் கரைத்துக் காய்ச்சினோம், வெங்காயத்தைக் கட்டரில் போட்டு அவளையே கயிற்றை இழுக்கச் சொன்னேன். நாலு இழுப்பு இழுத்துவிட்டு மூடியைத் திறந்து பார்த்து, "அய்ய, இவ்ளோதானா அத்தே?" என்று சிரித்தாள். எவ்வளவு அழகாகச் சிரிக்கிறாள் அந்தப் பெண்! உன் கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கட்டரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான்தான் எதுக்கும் லாயக்கில்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன் அத்தே."

இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும், பாபு. நன்றாக வேலை செய்கிற ஒரு பெண்ணை, தான் லாயக்கில்லாதவள் என்று நினைக்க வைத்திருக்கிறாய். அதை என் பெயரைச் சொல்லிச் செய்திருக்கிறாய். நீ அடிக்கவில்லை, திட்டவில்லை, குடிக்கவில்லை, நல்ல பிள்ளைதான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நல்ல பிள்ளை ஒரு தேங்காய்ச் சட்னிக்காக ஒருத்தியின் வேலையைப் பறிக்க இருந்தான். அவளிடம் நான் சொல்லிவிட்டேன்: சனிக்கிழமை வாயைத் திறக்காதே, டிரெயினிங்குக்குப் போ, லைன் லீடராகு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அம்மியை என்ன செய்வது என்று கேட்டாள். யாருக்கு ருசி வேண்டுமோ அவன் அரைத்துக்கொள்ளட்டும், ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கும் அவனே பதில் சொல்லட்டும் என்றேன்.

இன்று காலை அவளை நானே கம்பெனி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பஸ் வருவதற்கு முன்னாலேயே போய் நின்றோம். வழியில் ஒரு கடையில் ரெண்டு பேரும் டீ குடித்தோம். அவளுக்கு நாஷ்டா அங்கேயே வாங்கிக் கொடுத்தேன். முன்சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கையசைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் நானும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவேன், சென்ட்ரல் போய் வண்டி மாறி மத்தியானத்துக்குள் கடம்பத்தூர் போய்விடுவேன்.

உனக்கு நான் எதுவும் செய்து வைக்கவில்லை. அவளையும் செய்யவிடவில்லை. நீ எழுந்ததும் பசிக்கும், கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். நேற்று நாங்கள் எடுத்து வைத்த மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, அது செத்துப்போகவில்லை. செய்து சாப்பிடு. ரெண்டாவது ஷிப்டுக்கு நீ கிளம்பினபிறகுதான் ஜெயந்தி வீட்டுக்கு வருவாள். நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்துவிட்டு வருகிறவளுக்கும் பசிக்கும். அவளுக்கு நீ என்ன செய்து வைத்துவிட்டுப் போனாய் என்று சாயந்திரம் போன் போட்டுக் கேட்பேன். உன்னிடம் கேட்கமாட்டேன், அவளிடம் கேட்பேன்.

இப்படிக்கு,
அம்மா